முனகல் இருக்கிறது என்று சொன்னேன்

பெஞ்சமினின் இடது காது போனது பிப்ரவரி மாதத்தில். அது எங்களுக்குத் தெரிந்தது ஜூன் மாதத்தில். நடுவில் நாலு மாதம் நாங்கள் பாட்டுக் கேட்கிற ஆம்ப் பெட்டியைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தோம். நாங்கள் என்று சொல்வதுகூட என் கௌரவத்துக்காகத்தான். அவர் பழுது பார்த்தார். நான் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுச் சமையலைப் பார்க்கப் போய்விட்டேன்.

பெஞ்சமின் என் வீட்டுக்காரர். பாயான் லெப்பாஸில் ஒரே எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் இரண்டு பேரும் வேலை பார்த்தோம். நான் லைனில் ஆப்பரேட்டர், அவர் டெஸ்ட் டெக்னீஷியன். நான் நல்லது என்று அனுப்பிய போர்டை அவர் ரிஜெக்ட் என்று திருப்பி அனுப்புவார். அப்படித்தான் சண்டை வந்தது, அதிலிருந்து கல்யாணமும் வந்தது. முப்பத்தொரு வருடம் அந்த மெஷின் இரைச்சலில் நின்ற மனிதருக்கு ஓய்வு பெற்றதும் ஒரே ஆசைதான். தன் கையால் ஒரு வால்வு ஆம்ப் கட்ட வேண்டும், அதில் ஒரு துளி இரைச்சல்கூட இல்லாமல் பாட்டுக் கேட்க வேண்டும்.

பழைய ரேடியோப் பெட்டிக்குள் கண்ணாடிக் குழாய்கள் ஆரஞ்சு நிறத்தில் எரியுமே, அவைதான் வால்வு. கைப்பேசியிலேயே பாட்டு வருகிறதே, இது எதற்கு என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். அதோடு உங்களை மனிதராக மதிக்க மாட்டார். லோரோங் குளிட் பழைய சாமான் சந்தையில் ஞாயிறு தோறும் குனிந்து குனிந்து வால்வு பொறுக்கினார். ஆயர் ஈத்தாமில் எங்கள் ஒன்பதாம் மாடி வீட்டின் சாப்பாட்டு மேசை அவருக்குப் பட்டறையாகிவிட்டது. ஆறு மாதம் நான் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டேன். "இடது கைய பைக்குள்ள போட்டுக்கிட்டு ஒரு கையாலதான் தொடணும், முந்நூறு வோல்ட் இருக்கு," என்று எனக்குப் பாடம் வேறு. நான் எதற்கு அதைத் தொடப் போகிறேன்?

பிப்ரவரியில் விபூதிப் புதனன்று மாதா கோயிலிலிருந்து வந்ததும், நெற்றியில் சாம்பல்கூட அழியாமல், முதல் தடவை சுவிட்சைப் போட்டார். பாட்டு நன்றாகத்தான் வந்தது. பாட்டை நிறுத்தியதும் அவர் முகம் மாறியது.

"முனகுது. ஊஊன்னு ஒரு ஹம். கேளு வந்து."

"கீரை அடுப்புல இருக்கு. அப்புறம் கேக்குறேன்," என்றேன். அப்புறம் அதை நான் மறந்துவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமை ஹைதர் வந்தான். தொழிற்சாலையில் இவருக்குக் கீழே வேலை கற்றவன். இப்போது பத்து காவான் என்ற ஊரில் ஒரு கம்பெனியில் பெரிய ஆள். ஒரு பை நிறையக் கறிபாப் பலகாரம் வாங்கி வந்திருந்தான். ஸ்பீக்கர் பக்கத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்து கேட்டான்.

"ஒன்னுமே இல்லையே அண்ணே. ரொம்ப சுத்தமா இருக்கு லா."

"காதைத் தீட்டிக் கேளுடா. ஊஊன்னு அடிக்குது பாரு."

"சத்தியமா கேக்கல அண்ணே. நீங்களா நெனச்சுக்கிறீங்க."

பெஞ்சமினுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. தன்னிடம் தொழில் படித்தவன் தன் காதைச் சந்தேகப்படுவதா? "சவுந்தரம்! இங்க வா. நீ சொல்லு. இருக்கா, இல்லையா?"

நான் கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஸ்பீக்கரில் காதை வைத்தேன். மேலே காற்றாடி சுற்றுகிற சத்தம், கீழே பஸ் மேடு ஏறுகிற சத்தம். ஸ்பீக்கரில் ஒன்றுமே இல்லை. நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன். வீட்டுக்குள் நானும் அவரும் நாயும் பூனையுமாகத்தான் இருப்போம். ஆனால் வெளியாள் முன்னால் புருஷனை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று என்னை வளர்த்துவிட்டார்கள். அதை நான் பெரிய குணம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

"லேசா இருக்குங்க," என்றேன்.

"அக்காவே சொல்லிட்டாங்க, அப்புறம் நான் யாரு?" என்று ஹைதர் சிரித்துவிட்டுக் கறிபாப்பை எடுத்துக் கடித்தான். பெஞ்சமின் தன் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து தேதி போட்டு எழுதினார். எல்லாவற்றையும் எழுதுவது அவருடைய டெஸ்ட் ரூம் பழக்கம்.

அதற்குப் பிறகு அந்த மனிதர் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. முன்னால் இருக்கிற வால்வைப் பிடுங்கிப் பார்த்தார், முனகல் குறையவில்லை. எர்த் வயர்களை எல்லாம் பிரித்து ஒரே இடத்தில் சேர்த்துப் பற்றவைத்தார், குறையவில்லை. கெப்பாசிட்டர்களை இரண்டு தடவை மாற்றினார். கடைசியில் ஸ்பீக்கரையே கழற்றிவிட்டார். அப்போதும் அவருக்குக் கேட்டது. "அப்ப டிரான்ஸ்ஃபார்மரே அதிருது," என்று முடிவு கட்டி, நிபோங் திபாலில் கம்பி சுற்றிக் கொடுப்பவரிடம் அதைத் தூக்கிக்கொண்டு போனார். அவர் மறுபடியும் சுற்றிக் கொடுத்தார். அதுவும் முனகியது. இரண்டாம் தடவை போய் அந்தப் பாவப்பட்ட மனிதரோடு சண்டையே போட்டுவிட்டு வந்தார்.

சுவிட்சை அணைத்தாலும் கேட்குமாம். கெப்பாசிட்டருக்குள் கரண்ட் தங்கியிருக்கும், அது வடிய நேரமாகும் என்பார். படுக்கப் போனாலும் கேட்குமாம். அது மொட்டை மாடித் தண்ணீர் பம்ப் என்று குடியிருப்பு மேனேஜ்மென்டுக்கு மூன்று புகார்க் கடிதம் எழுதினார். அவரிடம் எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் இருந்தது.

ஒரு நாள் மீட்டரை வைத்து அளந்துவிட்டு என்னிடம் காட்டினார். "மீட்டரு ஒன்னுமில்லங்குது. மீட்டரு பொய் சொல்லும் சவுந்தரம். நம்ம ரெண்டு பேரு காதும் ஒன்னா பொய் சொல்லுமா?"

அன்றைக்காவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல், பொய்யைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி எடுத்துக்கொள்ளலாம் என்று பார்த்தேன்.

"இப்ப கொறஞ்சிருச்சுங்க," என்றேன். அவருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! 'குறைந்தது' என்று நோட்டில் எழுதி, அடிக்கோடு போட்டு, மறுபடியும் எல்லாவற்றையும் பிரித்தார். இரண்டு வாரம் கழித்து, "எனக்குச் சுத்தமா கேக்கலங்க," என்றேன். "ஒனக்குப் பழகிப்போச்சு," என்று அடித்துச் சொல்லிவிட்டார். நான் சொன்ன பொய்யை நம்பியவர் நான் சொன்ன உண்மையை நம்பவில்லை. என்மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது. அதையும் அவர்மேல்தான் காட்டினேன்.

இன்னும் சில விஷயங்களையும் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கைப்பேசியை வலது காதுக்கு மாற்றியிருந்தார். டிவி சத்தம் பக்கத்து வீடு வரை போனது. கோயில் பாடகர் குழுவை நடத்துகிற பிரிஸில்லா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அங்கிள் இப்பல்லாம் சுருதி விலகுறாரு ஆன்ட்டி," என்றாள். வயதாகிவிட்டது என்று சொல்லிவிட்டு வந்தேன். கண் எதிரே இருந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பார்க்க எனக்குப் புத்தி இல்லை. லைனில் இருந்தபோது மயிரிழைக் கம்பி விட்டுப்போயிருந்தாலும் கண்டுபிடித்தவள் நான்.

ஜூனில் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் எங்கள் புளோக் முழுக்கக் கரண்ட் இல்லை. காற்றாடி நின்றது, ஃபிரிட்ஜ் நின்றது, மொட்டை மாடி பம்பும் நின்றது. ஆம்ப் இரண்டு நாளாக மேசைமேல் குடல் தெரியப் பிரித்துக் கிடந்தது. பெஞ்சமின் ஹால் நடுவில் அசையாமல் நின்றார். வலது காதைக் கையால் பொத்தினார், எடுத்தார். இடது காதைப் பொத்தினார்.

"சவுந்தரம்," என்றார். குரலே மாறியிருந்தது. "இப்பவும் கேக்குது. ஒனக்கும் கேக்குதா?"

எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. விளங்கிய அதே வேகத்தில் பயமும் வந்தது. 'இல்லை' என்றால் அந்தச் சனிக்கிழமைக்குப் பதில் சொல்ல வேண்டுமே.

"கேக்குதுங்க," என்றேன். இரண்டாவது தடவை.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "அப்ப ரெண்டு பேருக்குமே காதுதான் போல. எத்தனை வருஷம் ஒரே சத்தத்துல நின்னோம்." என் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். சாலிடர் சுட்ட தழும்பெல்லாம் கையில் தட்டுப்பட்டது. நோயிலும் எனக்குத் துணை இருக்கிறாள் என்று அந்த மனிதருக்கு ஒரு ஆறுதல். எனக்கு அழுகை வந்தது. அதையும் அவர் என் காதுக்காக என்று எடுத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் காது டாக்டரிடம் போனோம். டாக்டர் குணவதி சின்ன வயதுக்காரர், பொறுமையாகப் பேசினார். முதலில் பெஞ்சமினைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்துச் சோதித்தார்கள். வந்த காகிதத்தில் வலது காதின் கோடு மேலேயே போனது. இடது காதின் கோடு தரைக்கு விழுந்து கிடந்தது.

"இது எப்போ ஆரம்பிச்சது அங்கிள்? தேதி ஞாபகம் இருக்கா?"

அவரிடமா தேதி கேட்பது? நோட்டைத் திறந்து நாள், மணி எல்லாம் சொன்னார். டாக்டர் பேனாவை மூடி வைத்தார்.

"சில பேருக்கு இப்படித் திடீர்னு ஒரு காது போயிரும். வேலை செஞ்ச சத்தத்தால இல்ல, பாதிப் பேருக்குக் காரணமே தெரியாது. ரெண்டு வாரத்துக்குள்ள வந்திருந்தா மருந்து குடுத்துப் பாத்திருக்கலாம். எல்லாருக்கும் திரும்பும்னு இல்ல, ஆனா ஒரு வாய்ப்பு இருந்துச்சு. இப்ப நாலு மாசமாச்சு அங்கிள். இனிமே மருந்துக்குக் கேக்காது. அந்த முனகலும் கூடவேதான் இருக்கும்."

"எனக்கு எப்படி டாக்டர் தெரியும்? என் வீட்டுக்காரிக்கும் கேட்டுச்சே. அதான் ஆம்ப்புல இருக்குன்னு நம்பிட்டேன்." என் பக்கம் திரும்பினார். "இவளையும் பாருங்க டாக்டர். இவளுக்காச்சும் நேரத்தோட பாருங்க."

என்னைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். முதல் சத்தம் வந்தது. சின்னதாக, தெளிவாக. நான் அழுத்தவில்லை. இரண்டாவதும் வந்தது, விட்டுவிட்டேன். இப்படியே விட்டுக்கொண்டு போனால் என் கோடும் கீழே விழும். அவருக்கு ஒன்றும் தெரியவராது. இரண்டு செவிடுகளாக மிச்ச காலத்தை ஓட்டிவிடலாம். "பயப்படாதீங்க ஆன்ட்டி, மொதல்லேருந்து வருவோம்," என்றாள் வெளியே இருந்த பெண். மறுபடியும் சத்தம் வந்தது. இருபத்தாறு வருடம் லைனில் பொத்தான் அழுத்திய விரல் தானாக அழுத்திவிட்டது. உண்மை சொல்லத் துணிந்து அழுத்தினேன் என்று சொன்னால் அதுவும் பொய்தான். ஒன்று அழுத்திய பிறகு மற்றதையும் அழுத்தினேன்.

"உங்களுக்கு ஒரு குறையும் இல்ல ஆன்ட்டி. வயசுக்கு ரொம்ப நல்ல காது," என்று டாக்டர் சிரித்துக்கொண்டே என் காகிதத்தைப் பெஞ்சமின் கையில் கொடுத்தார்.

வெளியே வந்து நடையில் இருந்த நீளப் பெஞ்சில் உட்கார்ந்தோம். அவர் இரண்டு காகிதத்தையும் மடியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். வாழ்நாள் முழுக்கக் கோடு பார்த்தே சம்பளம் வாங்கியவர். அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. நோட்டைத் திறந்து பின்னால் பின்னால் புரட்டி, அந்தச் சனிக்கிழமைப் பக்கத்தில் நிறுத்தினார். 'ஹைதர் – இல்லை. சவுந்தரம் – இருக்கு.' அவருடைய உருண்டை எழுத்து. அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"அன்னிக்கு ஒனக்குக் கேட்டுச்சா?"

"இல்லங்க," என்றேன்.

நான் அவருக்கு இடது பக்கம் உட்கார்ந்திருந்தேன். அவர் உடம்பைத் திருப்பி, வலது காதை என்னிடம் கொண்டுவந்தார்.

"என்ன சொன்ன?"

நடை முழுக்க ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் அதை மறுபடியும், அவருக்குக் கேட்கிற மாதிரி, சத்தமாகச் சொன்னேன்.