வெடிப்பு

“காலைக் கொஞ்சம் தூக்கிப் பிடி,” என்றான் அண்ணன்.

அவள் அப்பாவின் கணுக்காலுக்கு அடியில் கையைக் கொடுத்துத் தூக்கினாள். ஒரு மணி நேரம் முன்புதான் உயிர் போயிருந்தது. உடம்பில் இன்னும் இறுக்கம் ஏறவில்லை. அண்ணன் பழைய விரிப்பை உருவிவிட்டுப் புதியதை நுழைத்தான். அம்மா வெந்நீரில் துண்டை நனைத்துப் பிழிந்து அவளிடம் நீட்டினாள்.

“குதிகால நல்லா துடை. வெடிப்புக்குள்ள அழுக்கு நிக்கும்.”

துண்டை வாங்கிக்கொண்டாள். துடைக்கக் கை வரவில்லை. பேக்கரி அடுப்பின் முன்னால் காலமெல்லாம் நின்ற கால்கள். குதிகால் கறுத்துத் தடித்து, பாளம் பாளமாகப் பிளந்திருந்தது. பிளவுகளின் அடியில் எப்போதும் தெரியும் சிவப்பு இப்போது வெளிறிவிட்டது. அந்தக் குதிகாலின் ஒவ்வொரு கோடும் அவளுக்கு மனப்பாடம்.

சில வாரங்களாகவே, சிறுவர் அறிவியல் புத்தகம் ஒன்றுக்கு அவள் எரிமலை வரைந்துகொண்டிருந்தாள். இரண்டு பக்கத்துக்கு விரியும் படம். இதயம் பலவீனமாகி அப்பா படுத்துவிட்டதால், அவருடைய அறையிலேயே ஜன்னலோரம் டேப்லெட்டை வைத்துக்கொண்டு வேலை செய்தாள். புகை ஒரே நாளில் வந்துவிட்டது. ஓரம் மழுங்கிய பிரஷை அழுத்தாமல் சுழற்றினால் போதும். தெறிக்கும் பொறிகளும் சுலபம். ஆறிக் கறுக்கும் எரிமலைக் குழம்பின் மேலோடுதான் பிடிபடவில்லை. இரண்டு பிரஷ்களை ஒன்றாக்கிப் பார்த்தாள். பேனாவைச் சாய்த்தால் கோடு தடிக்கும்படி மாற்றிப் பார்த்தாள். ஒரே விரிசல் திரும்பத் திரும்ப விழுந்து, குளியலறை டைல்ஸ் மாதிரி இருந்தது. ‘இதுல உயிர் இல்லையே’ என்று எழுதித் திருப்பி அனுப்பினார் புத்தகத்தின் எடிட்டர்.

ஒரு மத்தியானம் நிமிர்ந்தபோது, போர்வைக்கு வெளியே அப்பாவின் கால் நீட்டிக்கொண்டிருந்தது. தூங்குகிறார் என்று நினைத்து, போனை மிக அருகில் கொண்டுபோய்ப் படம் எடுத்தாள்.

“என்னம்மா பண்ற?”

“டாக்டருக்கு அனுப்பறேன்ப்பா. வெடிப்பு ரொம்ப மோசமா இருக்கே.”

யோசிக்காமல் வந்த பொய். உண்மையைச் சொல்லியிருந்தால் ஒருவேளை சிரித்திருப்பார். ஆனால் படுக்கையில் கிடக்கிற மனுஷனிடம், உங்கள் காலை என் வேலைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்று எப்படிச் சொல்வது?

அந்தப் போட்டோவைக் கறுப்பு வெள்ளையாக்கி, திரையில் இழுத்த இடமெல்லாம் அந்த வெடிப்புகள் விழும் பிரஷாக மாற்றினாள். கீழ் லேயரில் ஆரஞ்சைப் பரப்பி, மேலே அந்தப் பிரஷை ஓர் இழுப்பு இழுத்ததும் மலைச்சரிவு கனலத் தொடங்கியது. அன்று சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. ஒரு பிரஷ் போதாமல் அடுத்தடுத்த நாட்களிலும் எடுத்தாள். அப்பா வெளிச்சத்துக்கு ஏற்றபடி திரும்பிப் படுத்துக் கொடுத்தார்.

“இத்தனை வயசுல என் மூஞ்சிய யாரும் இத்தனை போட்டோ எடுத்ததில்ல. காலுக்கு வந்த வாழ்வப் பாரு,” என்றார். பிறகு, “டாக்டர் என்ன சொன்னார்?”

“பாக்கறேன்னார்ப்பா.”

ஒரு களிம்பாவது வாங்கிவர வேண்டும் என்று சாயங்காலம் தோன்றும். ஒரு கோடு, இன்னொரு கோடு என்று கடை மூடும் நேரம் ஆகிவிடும். டாக்டர் வீட்டுக்கு வந்த அன்று அவள் எடிட்டரைப் பார்க்கப் போயிருந்தாள். அதற்குப் பிறகு அப்பா, டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்கவே இல்லை. மறுநாள் அவரே கூப்பிட்டார். “வெளிச்சம் நல்லா இருக்கு. இன்னொண்ணு எடுத்துக்கறியா?”

எடுத்துக்கொண்டாள். அதுதான் எல்லாவற்றிலும் நன்றாக வந்த படம்.

“குடு, நான் துடைக்கறேன்,” என்று அம்மா அவள் கையில் அப்படியே இருந்த துண்டை வாங்கிக்கொண்டாள். “ராத்திரியெல்லாம் எரியுது எரியுதும்பார். வாஸ்லின் எடுத்துட்டுப் போனா தொடவே விடமாட்டார். அவ போட்டோ எடுத்து முடிக்கட்டும், அப்புறம் தடவிக்கலாம்னு ஒரே பிடிவாதம்.”

அண்ணன் நிமிர்ந்தான். “என்ன போட்டோ?”

“இவதான் டாக்டருக்கு அனுப்பிட்டிருந்தாளே.”

அண்ணன் அவளைப் பார்த்தான். அவள் வெந்நீர்ப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். கொட்டிக் கழுவிவிட்டு, கழுவிய பாத்திரத்தை மறுபடி கழுவினாள்.

திரும்பி வந்தபோது டாக்டர் வந்திருந்தார். பக்கத்துத் தெருவில் கிளினிக் வைத்திருப்பவர். நாடி பார்த்து, இறப்புச் சான்றிதழை எழுதிக் கையெழுத்துப் போட்டு அண்ணனிடம் கொடுத்தார். அண்ணன் அதை வாங்கிக்கொண்டு, குரலை உயர்த்தாமல் கேட்டான்.

“அப்பா கால் போட்டோ எல்லாம் இவ அனுப்பியிருந்தாளாம். ஒரு களிம்புகூட எழுதித் தரலையே சார் நீங்க.”

டாக்டரின் கண் ஒரு கணம் அவள் மேல் நின்றது.

“ஆமா,” என்றார் டாக்டர். “நான்தான் கவனிக்காம விட்டுட்டேன்.”

“எரிச்சலோடயே போயிருக்கார்.”

“தப்புதான்.”

அம்மா அப்பாவின் காலைப் போர்வையால் மூடினாள். டாக்டர் பையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார். அவள் பின்னாலேயே ஓடினாள். கேட்டுக்கு வெளியே ஸ்கூட்டரில் பையை மாட்டிக்கொண்டிருந்தார்.

“டாக்டர், நான் உங்களுக்கு…”

“தெரியும்மா. போன வாரம் வந்தப்போ அவரே கேட்டார், போட்டோ பாத்தீங்களான்னு. எனக்கு எதுவும் வரலையேன்னேன். ஜன்னல் பக்கம் பாத்தார். அப்புறம், ‘அப்ப அவ வரையறதுக்கு வேணும்போல. வீட்ல யார்கிட்டயும் கேட்டுடாதீங்க’ன்னார்.” டாக்டர் சாவியைத் தேடிப் பாக்கெட்டைத் தடவினார். “களிம்பு எழுதித் தரேன்னேன். இப்ப வேண்டாம்னுட்டார்.”

சாவி கிடைத்ததும் அவளுடைய காலைப் பார்த்தார்.

“செருப்பில்லாம வெயில்ல நிக்கறீங்க பாருங்க. உள்ள போங்க.”

ஸ்கூட்டர் தெருமுனையில் திரும்பி மறைந்தது. உள்ளே அண்ணன் போனில் யாரிடமோ டாக்டரைத் திட்டிக்கொண்டிருப்பது கேட்டது. சிமென்ட் தரை சுட்டது. கையெட்டும் தூரத்தில் கேட்டின் நிழல் விழுந்திருந்தது. அவள் நகரவில்லை.