பல்லியம்

ஆம்பூர் ஷூ கம்பெனியின் தையல் லைனில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. ஒருத்தி கேட்காமல் எழுந்து போனால், பக்கத்து மிஷின்காரி இடது காலை நீட்டி அவளுடையதையும் ஓட்ட வேண்டும். சூப்பர்வைசர் சுப்பராயன் கண்ணாடி ரூமில் உட்கார்ந்து காதாலேயே காவல் காப்பவர். நாற்பது மிஷினில் ஒன்று நின்றாலும் அவர் தலை நிமிரும்.

அன்றைக்குத் தபஸ்ஸுமின் குழந்தைக்குக் காய்ச்சல். "ரெண்டே நிமிஷம்டி ஷர்மி, போன் பேசிட்டு வந்துர்றேன்" என்று நழுவினாள். ஷர்மிளா காலை நீட்டினாள்.

ஷர்மிளா பத்தாவதோடு நின்றவள். வாய் திறக்கவே கூசுவாள். ஆனால் புது வார்த்தை கிடைத்தால் யாருக்கும் தெரியாமல் நோட்டில் எழுதாமல் விடமாட்டாள். டீக்கு வாங்கிய வடை மடித்த தாள் மடியில் கிடந்தது. ஏதோ பாடப்புத்தகத்தின் பக்கம். 'பல்லியம்: பல் என்பது பல; இயம் என்பது இசைக்கருவி. பல கருவிகள் சேர்ந்து ஒலிப்பது.' எண்ணெய் ஊறி எழுத்து மங்கிக்கொண்டே வந்தது. முழுசாக மறைவதற்குள் எழுதிவிடலாம் என்று குனிந்தாள். இடது கால் நின்றுபோனது அவளுக்கே தெரியவில்லை.

சுப்பராயன் தலை நிமிர்ந்தது.

மறுநாள் முதல் தபஸ்ஸுமுக்கு நூல் வெட்டும் மேஜை. நாள் முழுக்க நிற்க வேண்டும். "என் நேரம்டி. அந்த ஆளுக்குப் பாம்புக் காது" என்று சிரித்தபடியே, மதியம் தன் டப்பாவில் கறித்துண்டு தேடி ஷர்மிளாவுக்கு வைத்தாள். மூன்று நாள் அந்தச் சோறு முள்ளாய் இறங்கியது.

நாலாம் நாள் ஷர்மிளா நோட்டைத் திறந்து அவள் முன்னால் வைத்தாள்.

"மிஷினை நிறுத்தினது நான்தான்க்கா. இதை எழுதறதுக்கு."

தபஸ்ஸும் டப்பாவை மூடினாள். "இன்னா எழுதிக்கிற? படி."

படித்தாள்.

"அதுல ஒண்ணு நின்னுட்டா, அதுக்கு இன்னா பேரு?"

நோட்டில் அதற்கு வார்த்தை இல்லை.

ஷர்மிளா எழுந்துபோய்க் கண்ணாடி ரூம் கதவைத் தட்டினாள். "சார், என்னை நூல் மேஜைக்குப் போடுங்க. அக்கா உட்காரட்டும். தப்பு என்னுது."

"அட, உனக்கு வாய் இருக்குதா?" என்றார் சுப்பராயன். "சரி, போய் நில்லு."

மறுநாள் தபஸ்ஸுமின் மிஷின் ஓடியது. நூலை வெட்டிக்கொண்டே ஷர்மிளா காது கொடுத்தாள். முப்பத்தொன்பது. நின்றிருந்த ஒன்று அவளுடையது.

மதியம் தபஸ்ஸும் அவளைச் சாப்பிடக் கூப்பிடவில்லை.