நடுவில் நின்ற அலமாரி

அந்த வீட்டில் கூடத்துக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவே சுவர் கிடையாது. சுவர் பார்க்க வேண்டிய வேலையை ஒரு கண்ணாடி அலமாரி பார்த்துக்கொண்டிருந்தது. ஆள் உயரத்தைத் தாண்டியது. முதுகைக் கூடத்துக்கும் முகத்தைச் சாப்பாட்டு மேசைக்கும் காட்டி நிற்கும். உள்ளே ஒரு நாளும் யாரும் குடித்திராத டீ செட். பின்கால் ஒன்று எப்போதோ உடைந்துபோனதால் அந்த மூலைக்கு ஒரு மரக்கட்டை முட்டுக்கொடுத்திருந்தார்கள். கட்டை இல்லாவிட்டால் அலமாரி மல்லாக்க விழும், டீ செட்டும் தூள் தூளாகும்.

அதை அங்கே நிறுத்தியவர் பெரியவர். நிறுத்தட்டும் என்று விட்டவர் அவருடைய தம்பி. அண்ணனும் தம்பியும் கடைசியாக ஒத்துப்போன விஷயம் அதுதான். இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. சொத்துச் சண்டை என்றால்கூட ஒரு மரியாதை இருந்திருக்கும். செத்துப்போன அப்பாவின் கைவைத்த நாற்காலியைக் கூடத்தில் போடுவதா, சாப்பாட்டு மேசையின் தலைமாட்டில் போடுவதா என்பதுதான் தகராறு. முடிவு எட்டாமல் நாற்காலி பரணுக்குப் போனது. அங்கே கரையான் அதைச் சாவகாசமாகத் தின்று தீர்த்தது. சண்டையை மட்டும் எந்தக் கரையானும் தொடவில்லை.

பெரியவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. பெண் கொடுக்க வந்தவர்கள் விவரமானவர்கள். சின்னவருக்கு ஆனது. ஆகவே இரண்டு பேரோடும் மாரடிக்கும் பாக்கியம் அவர் மனைவிக்குக் கிடைத்தது.

தினமும் பெரியவர் முதலில் மேசையில் உட்காருவார். சின்னவர் அலமாரிக்கு அந்தப் பக்கம் சோபாவில் டிவி பார்ப்பார். பெரியவர் ஏப்பம் விட்டு எழுந்து சமையலறை வழியாகச் சுற்றிப் போனதும், சின்னவர் இந்தப் பக்கம் வருவார். எல்லாவற்றையும் மறுபடி சூடாக்கி மறுபடி பரிமாற வேண்டும். இடையில் தூதும் அவள்தான். "மோட்டாரை நிறுத்தச் சொல்லும்மா அவனை" என்று பெரியவர் அலமாரியைப் பார்த்துச் சொல்வார். அலமாரிக்குப் பின்னால் இருக்கும் சின்னவருக்கு அது நன்றாகவே கேட்கும். ஆனாலும் மனைவி வந்து சொல்லும்வரை அசைய மாட்டார். தொட்டி நிரம்பி வழிந்தாலும் அவருக்கு மானம் முக்கியம்.

இரண்டு ராஜாக்களும் சாப்பிட்டு முடித்த பிறகு, அவள் சமையலறை மேடையில் சாய்ந்து நின்றபடி, பாத்திரத்தின் அடியில் மிஞ்சி ஆறிப்போனதைச் சாப்பிடுவாள். அவளுக்கு இருந்தது ஒரே ஓர் ஆசை. மேசையில் உட்கார்ந்து சூடாக ஒரு வேளை சாப்பிட வேண்டும். இதைச் சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொன்னதில்லை.

வேறு ஊரில் வேலை பார்க்கும் மகள், அம்மாவுக்குப் பிறந்தநாள் பரிசாக, வீட்டை ஒழுங்குபடுத்தித் தர ஓர் அலங்கார நிபுணரை அனுப்பிவைத்தாள். பெரியவர் பல் டாக்டரிடமும் சின்னவர் ஆபீசுக்கும் போயிருந்த நேரத்தில் அந்தப் பெண் இரண்டு ஆட்களோடு வந்து இறங்கினாள். கையில் டேப், காதில் பென்சில், வாய் நிறைய இங்கிலீஷ். கூடத்தில் ஃப்ளோ இல்லை என்றாள். சோபா சுவரோடு ஒட்டிக்கொண்டு பயந்த மாதிரி இருக்கிறதாம். நாற்காலிகள் ஒன்றோடு ஒன்று பேச வேண்டுமாம்.

அவையாவது பேசட்டும் என்று சின்னவரின் மனைவி நினைத்துக்கொண்டாள்.

நிபுணர் கடைசியில் அலமாரிக்கு வந்தாள். இப்படி ஓர் அசிங்கத்தை யாராவது நட்டநடுவில் வைப்பார்களா, எடுத்துவிடலாமா என்று கேட்டாள். அதை எடுத்தால் என்ன ஆகும் என்று சின்னவரின் மனைவிக்கு நன்றாகத் தெரியும். பத்து வயதுப் பிள்ளைகளா அவர்கள், முகத்தோடு முகம் பார்த்துவிட்டால் தானாகச் சரியாகிவிடும் என்று ஒரு நப்பாசை.

"எடுத்துடலாம்மா" என்றாள்.

ஆட்கள் டீ செட்டை இறக்கி, அலமாரியைப் பின்னறைச் சுவரில் சாய்த்து வைத்து, டீ செட்டைத் திரும்ப அடுக்கினார்கள். மரக்கட்டையைப் பழைய இடத்திலேயே மறந்துவிட்டார்கள்.

சாயங்காலம் அவள் மேசையில் மூன்று தட்டு வைத்தாள். பெரியவர் வந்தார். எதிரே சோபாவில் தம்பி முழுசாகத் தெரிந்தான். உடனே நாற்காலியைத் திருப்பிப் போட்டு, ஃபிரிட்ஜைப் பார்த்து உட்கார்ந்தார். தட்டை மடியில் வைத்துக்கொண்டார். சின்னவர் மட்டும் இளைத்தவரா? கொல்லைக்குப் போய்த் துணி காயப்போடும் ஸ்டாண்டைத் துணியோடு தூக்கிவந்து நடுவில் நிறுத்தினார். மின்விசிறிக் காற்றில் ஒரு துண்டு கிளம்பி நேராகப் பெரியவரின் தட்டில் போய் இறங்கியது. அது சின்னவரின் துண்டு.

பெரியவர் துண்டையும் பார்த்தார், தட்டையும் பார்த்தார். எழுந்து உள்ளே போனார். அவள் சமையலறைக்குப் போய், அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு, மறுபடி அடுப்பைப் பற்றவைத்தாள்.

அப்போதுதான் அது கேட்டது.

"டேய், இங்க வா."

பெரியவரின் குரல்தான். அவளைக் கூப்பிடவில்லை, தூதும் இல்லை. பின்னாலேயே சின்னவரின் குரல்: "வரேண்ணா."

அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. கரண்டியைக்கூடக் கீழே வைக்காமல் ஓடினாள். அத்தனை வருஷம் நின்றுகொண்டே சாப்பிட்டதற்கு இன்றைக்குப் பலன் கிடைத்துவிட்டது என்று நம்பிக்கொண்டே ஓடினாள்.

பின்னறையில் அண்ணனும் தம்பியும் அலமாரிக்கு ஆளுக்கொரு பக்கம் குனிந்திருந்தார்கள்.

"அந்தப் பக்கம் பிடி" என்றார் பெரியவர்.

"பிடிச்சுட்டேண்ணா. மெதுவா."

அடடா, என்ன ஒற்றுமை. பெற்றவர்கள் பார்த்திருந்தால் பூரித்துப்போயிருப்பார்கள். முகத்தில் முழிக்காமல் இருப்பதற்காக இவ்வளவு பாசமாகத் தோள் கொடுக்கும் அண்ணன் தம்பியை அவள் வேறெங்கும் பார்த்ததில்லை. கண்ணில் முட்டிய நீர் அப்படியே வற்றிவிட்டது. அவள் வந்த வழியே திரும்பினாள். துணி ஸ்டாண்டை ஓரமாகத் தள்ளினாள். அலமாரி நின்ற இடத்தில், மேசையின் அந்தக் கோடியில் நாற்காலியை இழுத்துப் போட்டாள். சூடாக இருந்ததையெல்லாம் கொண்டுவந்து வைத்து, தட்டில் பரிமாறிக்கொண்டு உட்கார்ந்தாள்.

டீ செட்டை இறக்கிவைக்கப் பொறுமை இல்லாமல் இருவரும் அப்படியே தூக்கிவந்தார்கள். உள்ளே கோப்பைகள் கிணுகிணுத்தன. இருவருக்கும் மூச்சு வாங்கியது. அவள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து நின்றார்கள்.

"எந்திரிம்மா, அலமாரியை வைக்கணும்" என்றார் பெரியவர்.

"சாப்பிட்டுட்டு இருக்கேன் மாமா."

"கட்டை எங்க?" என்றார் சின்னவர். "கட்டை இல்லாம கீழ வைக்க முடியாதுடி, சாஞ்சிடும்."

"என் கால்கிட்டதாங்க இருக்கு."

"எடுத்துக் குடு."

அவள் மரக்கட்டையின் மேல் காலை இன்னும் வசதியாக வைத்துக்கொண்டாள்.

"சாப்பிட்டு முடிச்சதும் எடுக்கிறேன். அதுவரைக்கும் பிடிச்சுக்கிட்டே நில்லுங்க. போரடிச்சா ரெண்டு பேரும் ஏதாவது பேசிக்கிட்டு இருங்க."

சின்னவர் அண்ணனைப் பார்த்தார். பெரியவர் தம்பியைப் பார்த்தார். உள்ளே கோப்பைகள் மறுபடி கிணுகிணுத்தன. அவள் பாத்திரத்தைத் திறந்து இன்னும் ஒரு கரண்டி போட்டுக்கொண்டாள். நல்ல சூடாக இருந்தது. ஊதி ஊதித்தான் சாப்பிட வேண்டியிருந்தது.