திறந்து பார்க்காத கதவு

வெற்றிடப் பெட்டிக்குள் அந்தக் கதவை மூடி ஒன்பது ஆண்டும் நான்கு மாதமும் ஆகியிருந்தன. தட்டு அகலத்துக்கு ஒரு வட்டக் கதவு, விளிம்பில் ரப்பர் வளையம். வேறொரு நட்சத்திரத்துக்குப் போகும் விண்கலத்தில் இதே வளையம் நூற்றுப்பத்து ஆண்டுகள் காற்றைப் பிடித்து வைத்திருக்க வேண்டும். பத்து ஆண்டு கசியாமலிருந்தால் மீதியைக் கணக்குப் போட்டு ஏற்றுக்கொள்வார்கள். தினமும் காலையில், இந்தச் சோதனையை நடத்தும் எஞ்சினியரான அவள் அழுத்தமானியைப் பார்த்துப் பதிவேட்டில் அதே எண்ணை எழுதுவாள். இன்னும் எட்டு மாதம். அதோடு அவளுக்கும் பணி ஓய்வு. அவள் கையால் செய்து முடித்தது என்று சொல்ல வேறெதுவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் கணவர் பின்னறை ஜன்னலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். குடிவந்த நாளிலிருந்து யாரும் தொடாத ஜன்னல்.

"எஞ்சினியரம்மா, கொஞ்சம் கை குடுங்க. ஒட்டிக்கிச்சு."

"விடுங்களேன். அதத் தொறந்து என்ன ஆகப்போகுது?"

"தொறக்கறதுக்குத்தானே ஜன்னல்? இல்லன்னா செவுராவே விட்டிருப்பானே."

அவள் ஜன்னல் விளிம்பை விரலால் தடவிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். சாப்பாட்டையும் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள். கோபமென்று நினைத்து அவரே பாத்திரம் கழுவினார்.

மறுநாள் பரிசோதனைக்கூடத்தில் தன்னோடு வேலை பார்க்கும், எல்லோரும் தாடி என்றே கூப்பிடும் ஆளிடம் கேட்டாள்.

"கலம் போய்ச் சேந்ததும் கதவத் தொறக்கணும்ல?"

"பின்னே? உள்ளயே உக்காந்திருக்கவா போறாங்க?"

"நாம ஒரு தடவகூடத் தொறக்கலயே."

தாடி தேநீரைக் கீழே வைத்தான். "கசியுதான்னுதான் பாக்கச் சொன்னாங்க. எட்டு மாசம் பொறு. அப்புறம் ஆசதீரத் தொற."

"முடிவுக்குக் காத்திருக்காம அடுத்த மாசமே கலத்துக்குக் கதவெல்லாம் வார்க்க ஆரம்பிக்கறாங்க."

"இப்பத் தொறந்தா ஒம்போது வருஷமும் போச்சு. மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். முடியறப்ப நீ இங்க வேலைல இருக்க மாட்ட."

"தெரியும்."

பெட்டிக்குள் காற்றை விட்டாள். திருகுகளைக் கழற்றி நெம்புகோலை அழுத்தினாள். கதவு அசையவில்லை. தாடியும் சேர்ந்து அழுத்தினான். துணி கிழிவதுபோல் ஒரு சத்தம். கதவு வந்தது, வளையத்தில் பாதி உலோகத்தோடு ஒன்றிப் போயிருந்தது, மீதி துண்டு துண்டாக விழுந்தது. அது கசியாமலிருந்ததில் ஆச்சரியமில்லை.

"கலமா இருந்திருந்தா உள்ள இருந்தவங்க கதி அவ்ளோதான்," என்றான் தாடி.

துண்டுகளைப் பொறுக்கிப் பையில் போட்டாள். வேறு ரப்பர் கலவையில் செய்த வளையத்தைப் பொருத்தி மூடினாள். பதிவேட்டில் 'தோல்வி' என்று எழுதிப் பக்கத்தைப் புரட்டினாள். நாள் ஒன்று. ஆண்டுக்கு ஒருமுறை திறந்து மூடவும். முதல் முறை திறப்பவர்: அந்த இடத்தை வெறுமையாக விட்டாள்.