எதிர்வீட்டு அறை

நெதர்லாந்தில், உட்ரெக்ட் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில், வெயிலே தரையில் படாதபடி மரங்கள் கவிந்த தெரு அது. கல்யாணமான நாள்முதல் அங்கேதான் இருந்தேன். விவாகரத்தில் வீடு கணவர் ஷூர்டுக்குப் போயிற்று. மகள் ஃபென்னாவும் பள்ளிக்கூடம் பக்கம் என்று அவரோடே தங்கிவிட்டாள். எதிரே மாணவர்கள் குடியிருக்கும் வீட்டில் மாடி அறை ஒன்று காலியானது. அது கிடைத்தால் நினைத்தபோதெல்லாம் அவள் தெருவைக் கடந்து வந்துவிடலாம். கிடைக்காவிட்டால் நான் தொலைவில், எம்மன் ஊரில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போகவேண்டும். எப்போதாவது வந்துபோகும் அம்மாவாகிவிடுவேன்.

அந்த அறைக்கு ஆள் எடுப்பவர் வீட்டுக்காரர் இல்லை. உள்ளே இருக்கும் பிள்ளைகள்தான் ஒரு மாலை அறை கேட்டவர்கள் எல்லோரையும் வரவழைத்து, பீர் கொடுத்து, பேசவைத்துப் பார்ப்பார்கள். ஒருவருக்குப் பிடிக்காவிட்டாலும் கிடையாது. கல்லூரியில் புதிதாகச் சேர்ந்த இரண்டு பெண்களுக்கு நடுவே, நாற்பத்தெட்டு வயதில் நான் சோபாவில் உட்கார்ந்திருந்தேன்.

"வீட்ஸ்கே, எங்கம்மாவைவிட நீங்க ஒரு வயசுதான் சின்னவங்க," என்றான் அந்த வீட்டுப் பிள்ளைகளில் ஒருவனான டைமன்.

"அப்ப என்னையும் வா, போன்னே கூப்பிடு. உங்கம்மாவை அப்படித்தானே கூப்பிடறே?"

சிரித்தார்கள்.

"பார்ட்டி வெச்சா போலீஸைக் கூப்பிடுவியா?" என்றாள் ஒருத்தி.

"என்னை விட்டுட்டு வெச்சா கட்டாயம் கூப்பிடுவேன்."

கைதட்டினார்கள். ஷூர்டிடம் ஒருநாளும் நான் இவ்வளவு இனிமையாகப் பேசியதில்லை. வெட்கமாக இருந்தது, நிறுத்தவும் முடியவில்லை.

மறுநாள் டைமன் போன் செய்தான். "நீதான்! எல்லாருக்கும் சம்மதம்."

ஓடிப்போய் ஷூர்டின் வீட்டு மணியை அடித்தேன். ஃபென்னா கதவைத் திறந்தாள். மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். அவள் முகம் சுருங்கியது.

"எதிர்லயா? அத்தனை பேர்கிட்ட பல்லைக் காட்டி எடம் வாங்கியிருக்கே. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியாம்மா?"

"உனக்காகத்தானேடி."

"அதான் பயமா இருக்கு. அந்த ஜன்னல் நேரா என் ரூமைப் பாக்குது. இந்தத் தெருவுல ஒருத்தரும் திரை போடறதில்ல. இனிமே நாங்க மட்டும் போடணும்."

தணிந்த குரலில்தான் சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். இங்கே யாரும் குரலை உயர்த்துவதில்லை. அதை அவளுக்குப் பழக்கியவளே நான்தான்.

"சரி," என்றேன்.

எதற்குச் சரி என்று அவள் கேட்கவில்லை. கதவை ஓசைப்படாமல் சாத்திக்கொண்டாள்.