நான்கு மணிக் கப்பல்

வேலையிலிருந்து ஓய்வுபெற்று ஏழு வருடமாகியும் சர்வேயருக்கு அளவெடுக்கும் புத்தி போகவில்லை. முப்பத்தாறு வருடம் ஊரார் நிலத்தில் சங்கிலி பிடித்தவர், அளக்க நிலம் இல்லாமல் போனதும் பொழுதை அளக்க ஆரம்பித்துவிட்டார். சொந்தக் கல்யாணத்துக்கே ஒரு மணி நேரம் முன்னால் போய், பூட்டிய மண்டபக் கதவுக்கு வெளியே மாப்பிள்ளைக் கோலத்தில் நின்றவர் என்று மனைவி இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

இரண்டு உல்லாசக் கப்பல் பயணங்களை ஒரே நாளில் ஒட்டவைத்ததும் அவர் யோசனைதான். முதல் கப்பல் காலை ஏழரைக்கு ஒரு நகரத்தில் இறக்கிவிடும். இரண்டாவது, வேறொரு நகரத்திலிருந்து மாலை நான்கு மணிக்குக் கிளம்பும். நடுவில் ஐந்து மணி நேரச் சாலை. மூன்றரைக்குக் கதவை அடைத்துவிடுவார்கள். கூட்டிக் கழித்துப் பார்த்தால் தாராளமாக நேரம் இருந்தது.

"நடுவுல ஒரு நாள் தங்கிட்டுப் போங்களேன்ப்பா" என்று மகள் போனில் கெஞ்சிப் பார்த்தாள்.

"படுத்துத் தூங்கறதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று வாயை அடைத்துவிட்டார்.

இறங்க வேண்டிய அன்று காலை, அறையில் மனைவி ஒரு காலில் மட்டும் செருப்பை மாட்டிக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"என்னங்க, நெஞ்சை அடைக்கிற மாதிரி இருக்கு. தோள் வேற வலிக்குது."

"நேத்து சாப்பிட்டது செரிச்சிருக்காது. இன்னொரு செருப்பை மாட்டு, நேரமாச்சு."

அவள் மாட்டிக்கொண்டாள்.

கப்பல் கரையைத் தொடவே தாமதமானது. பிறகு பெட்டிகள் வர ஒரு யுகம். அவர்கள் வெளியே வந்தபோது ஒன்பதரை. அவர் பேர் எழுதிய அட்டையைப் பிடித்தபடி காத்திருந்த கார் டிரைவர், ஆள் மலைபோல இருந்தார். பேச்சு மட்டும் பஞ்சுபோல. பெட்டிகளை ஏற்றியபடியே, "பதறாதீங்க சார், ரெண்டரைக்குள்ள கொண்டுபோய் விட்டுடறேன்" என்றார். சர்வேயருக்கோ காலில் வெந்நீர் கொட்டினாற்போல இருந்தது.

இரண்டு மணி நேரம் ஓடியபின் மனைவி வண்டியை நிறுத்தச் சொன்னாள். பெட்ரோல் பங்கின் கழிவறைக்குப் போனவள் திரும்பி வர வெகுநேரமானது. வந்தபோது முகம் வெளுத்து, நெற்றி முழுக்க வேர்த்திருந்தது. வாந்தி எடுத்தேன் என்றாள். டிரைவர் கண்ணாடியில் அவளைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார்.

"சார், அம்மாவுக்கு முடியல போலிருக்கு. அடுத்த ஊர்ல பெரிய ஆஸ்பத்திரி இருக்கு. ஒரு எட்டு காட்டிட்டுப் போயிடலாமே?"

"கப்பல்லயே டாக்டர் இருக்காரு. நீங்க ரோட்டைப் பாருங்க."

மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு கதவில் சாய்ந்தாள்.

சர்வேயர் ஈவிரக்கம் இல்லாதவர் அல்ல. மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரித் தரையில் மூன்று நாள் படுத்துக் கிடந்தவர்தான். ஆனால் பிடித்த பிடியை விடத் தெரியாது. நாற்பத்தொரு வருடமாக அவர் முன்னால் விறுவிறுவென்று நடப்பார். அவள் நாலடி பின்னால் வருவாள். திரும்பிப் பார்க்க வேண்டிய அவசியமே அவருக்கு வந்ததில்லை.

துறைமுகத்தை அடைந்தபோது மணி இரண்டே முக்கால். டிரைவர் கிளம்புமுன் தன் போன் நம்பரை ஒரு சீட்டில் எழுதி சர்வேயர் மனைவியின் கையில் கொடுத்தார். "எதுக்கும் இருக்கட்டும்மா. சாப்பிட்டுட்டு இங்கதான் பக்கத்துல இருப்பேன்."

உள்ளே நீளமான கூடம். பெட்டிகள் ஒரு பக்கம் உருண்டு போயின. இன்னொரு பக்கம் ஆளுக்கொரு காகிதம் நீட்டினார்கள். மூன்று நாட்களுக்குள் காய்ச்சல், வாந்தி, நெஞ்சுவலி உண்டா? சர்வேயர் 'இல்லை' என்று வரிசையாகக் குறி போட்டுவிட்டு நிமிர்ந்தார். மனைவி வாந்திக்கும் நெஞ்சுவலிக்கும் நேரே 'ஆம்' என்று போட்டிருந்தாள்.

"என்ன காரியம் பண்றே? மாத்து."

"வலிக்குதுங்க."

"ஏறினதும் காட்டிக்கலாம்னு சொன்னேன் இல்ல? மாத்துன்னா மாத்து."

"மாட்டேன்."

அவள் வாயிலிருந்து அந்தச் சொல்லை அவர் அதிகம் கேட்டதில்லை. அதற்குள் வரிசை நகர்ந்து, காகிதம் மேஜைப் பெண்ணின் கைக்குப் போய்விட்டது. அவள் நர்ஸைக் கூப்பிட்டாள். நர்ஸ் மனைவியை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து நாடி பிடித்தாள், இரத்த அழுத்தம் பார்த்தாள், முகம் மாறியது.

"இவங்களை ஏத்த முடியாது சார். உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

சர்வேயருக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. பத்துப் பேர் பார்க்கிறார்களே என்றுகூட நினைக்கவில்லை. "ஒரு கோடு கிழிச்சு எல்லாத்தையும் கெடுத்துட்டியே! ஆறு மாசமா உக்காந்து போட்ட திட்டம்" என்று கத்தினார். மனைவி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க வேணா போங்க" என்றாள் மெதுவாக.

"போறேன். அறையில பெட்டியெல்லாம் வந்துடுச்சான்னு பாக்கறேன். அவங்ககிட்ட நல்லா இருக்கேன்னு சொல்லிட்டு நீயும் வந்து சேரு."

அப்படிச் சொல்லிவிட்டுத்தான் நடந்தார். வழக்கம்போலத் திரும்பிப் பார்க்கவில்லை.

அறைக் கதவுக்கு வெளியே இரண்டு பெட்டிகளும் நின்றன. உள்ளே இழுத்து வைத்தார். ஜன்னல் வழியே கடல் தெரிந்தது. போன் அடித்தார், அவள் எடுக்கவில்லை. வீம்பு என்று நினைத்துக்கொண்டார். மூன்று இருபதுக்கு ஓர் அதிகாரி கதவைத் தட்டினான்.

"உங்க மனைவி ஏறல சார். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிட்டாங்கன்னு கீழேயிருந்து சொல்றாங்க. இன்னும் பத்து நிமிஷம் இருக்கு. நீங்க இறங்கறதா இருந்தா நானே கூட்டிட்டுப் போறேன்."

சர்வேயர் கட்டிலைப் பார்த்தார். நாடி பிடித்துப் பார்த்த நர்ஸின் முகம் ஒரு கணம் வந்து போனது. அதைத் தள்ளிவிட்டார். ஒரு மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார்கள், மகள் வீட்டுக்குப் போய்ப் பத்து நாள் இருக்கட்டும், அப்போதுதான் புத்தி வரும் என்று அவர் மனம் கணக்குப் போட்டது.

"நான் இருக்கேன்" என்றார்.

அதிகாரி அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனான்.

சொன்ன நேரத்துக்குக் கப்பல் கிளம்பியது. மேல்தளத்தில் நின்று கரை விலகுவதைப் பார்த்தார். மீண்டும் போன் அடித்தார். இம்முறை எடுத்தது டிரைவர்.

"அம்மாவை உள்ளே கொண்டு போயிருக்காங்க சார். பெரிய அட்டாக்காம். ஆபரேஷன்னு சொல்றாங்க. நீங்க எங்க இருக்கீங்க?"

சர்வேயர் வரவேற்பு மேஜைக்கு ஓடினார். கப்பலைத் திருப்ப முடியுமா என்று அந்தப் பெண்ணிடம் கேட்டார். நாளைக் காலை எட்டு மணிக்கு அடுத்த துறைமுகம், அங்கே இறங்கிக்கொள்ளலாம் என்றாள். மகளுக்குப் போன் போட்டார். அவளுக்கு டிரைவர் ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

"நீங்க கப்பல்லயா இருக்கீங்க?" என்று மகள் கேட்டாள். அவர் பதில் சொல்வதற்குள் போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் எட்டு மணிக்கு, இரண்டு பெட்டிகளையும் இழுத்துக்கொண்டு இறங்கும் வரிசையில் முதல் ஆளாக நின்றார். கதவு திறக்குமுன் மகளிடமிருந்து செய்தி வந்தது. இரண்டே சொல். அம்மா போயிட்டா.

பஸ் பிடித்து, ரயில் மாறி, மறுபடி பஸ் ஏறி ஆஸ்பத்திரியைச் சேர்ந்தபோது மத்தியானம் சாய்ந்துவிட்டது. நடையில் மகள் உட்கார்ந்திருந்தாள். அவரைப் பார்க்கவில்லை. எழுந்து வந்து, அம்மாவின் பெட்டியை மட்டும் அவர் கையிலிருந்து வாங்கி, அங்கேயே தரையில் திறந்து, உடுத்த ஒரு துணியைத் தேடினாள்.

டிரைவர் சுவரோரம் நின்றிருந்தார். நேற்றுப் போட்ட அதே சட்டை. சர்வேயர் அவர் அருகில் போனார்.

"என்னைப் பத்தி... ஏதாவது சொன்னாளா?"

டிரைவர் தரையைப் பார்த்தார். "வழியெல்லாம் என் பசங்களைப் பத்திக் கேட்டுட்டு வந்தாங்க சார். எத்தனை பேர், என்ன படிக்கிறாங்கன்னு. இங்க வந்ததும் கூட யாரு இருக்காங்கன்னு டாக்டர் கேட்டாரு. யாரும் இல்லன்னு சொல்லி, அவங்களே கையெழுத்துப் போட்டாங்க."

"வேற ஒண்ணும் சொல்லலையா?"

"உள்ளே கொண்டு போறப்ப கப்பல் கிளம்பிடுச்சான்னு கேட்டாங்க. மணியைப் பாத்தேன், நாலு அஞ்சு. கிளம்பியிருக்கும்மான்னு சொன்னேன்." டிரைவர் கொஞ்சம் தயங்கினார். "சரின்னாங்க."

நடையின் கோடியில் ஒரு கதவு திறந்தது. ஒரு குமாஸ்தா காகிதக் கட்டோடு எட்டிப் பார்த்து, "இறந்தவங்க வீட்டுக்காரர் இருக்காரா?" என்று கேட்டான்.

மகள் அப்போதுதான் தலையைத் தூக்கி அப்பாவைப் பார்த்தாள். சர்வேயர் சுவரைப் பிடித்துக்கொண்டு அந்தக் கதவை நோக்கி நடந்தார்.