பொறி பறக்கும் கைகளுக்கு ஒரு கையுறை

வெல்டர் பட்டறையை மூடி ஒரு வருடம் ஆகியும் அவருடைய பத்து விரல்களிலிருந்தும் தீப்பொறி பறப்பது நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கொஞ்சம் குறைவாக இருக்கும், அவ்வளவுதான். மருத்துவர் களிம்பு எழுதிக் கொடுத்தார். களிம்பு உருகி ஓடியது. அக்கம்பக்கத்தார் அடுப்புப் பற்றவைக்க அவரைக் கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள், அவரும் முகம் சுளிக்காமல் போய் வந்தார். ஆனால் பிறந்து எட்டு மாதமான மகளை அவர் ஒரு தடவைகூடத் தூக்கியதில்லை. அந்தக் கள்ளியோ அவரைப் பார்த்ததும் இரண்டு கையையும் நீட்டுவாள். பாவி மனுஷன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாசற்படியிலேயே நிற்பார். பார்க்கிறவர்களுக்கே நெஞ்சு பொறுக்காது.

மனைவியின் அண்ணன் லாரி ஓட்டுகிறவர். தீயணைப்பு வீரர்களுக்கு உடுப்பு தைக்கும் ஆலையிலிருந்து மஞ்சள் துணி ஒரு துண்டு வாங்கி வந்து, "மாப்ள, இத நெருப்பும் தொடாது, கத்தியும் தொடாது" என்றார். கத்தி விஷயம் உடனே உண்மையாயிற்று. வீட்டுக் கத்தரி வழுக்கிக்கொண்டே போனது. துணி சிரிக்காத குறைதான். மனைவி சளைக்கவில்லை. துணியில் வெட்டுக்கோடு வரைந்து, அதன் மேல் காகித டேப்பை ஒட்டி, பட்டறையில் கிடந்த தகரக் கத்தரியால் டேப்போடு சேர்த்து வெட்டினாள். ஓரம் பிரியாமல் வந்தது. அதை இரண்டு மடிப்பாக மடித்து, முழங்கை வரை வரும் கையுறை தைத்தாள். வெல்டர் அதைப் போட்டுக்கொண்டு வாசலிலிருந்து தொட்டில்வரை நடப்பதற்குள் தையலெல்லாம் கருகி, கையுறை துண்டு துண்டாகக் கீழே விழுந்தது. தொட்டில் துணியில் ஒரு பொறி பட்டு ஓட்டை விழுந்தது. அவர் ஓடிப்போய்க் கைகளை வாளித் தண்ணீருக்குள் விட்டார்.

"இனிமே நான் பட்டறையிலயே இருந்துக்கறேன். இந்த வீட்டுப் பக்கமே வரல."

மனைவி கீழே கிடந்ததைப் பொறுக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். துணியில் ஒரு கறைகூட இல்லை. "அட மக்கு!" என்று தன் தலையிலேயே குட்டிக்கொண்டாள். "ஏங்க, துணி எங்க தோத்துச்சு? சாதா நூல்ல தைச்சது நான்தான். ஒரு வாரம் பொறுங்க."

மிச்சத் துணியிலிருந்தே இழை உருவி, முறுக்கி, கையாலேயே தைத்தாள். ஆறு ஊசி உடைந்தது. ஏழாம் நாள் காலை, தெருவே வாசலில் கூடி நிற்க, வெல்டர் மகளைத் தூக்கினார். கையுறைக்குள் பொறி படபடவென்று பொரிந்தது. வெளியே ஒன்றுகூட வரவில்லை. லாரிக்காரர் விசிலடித்தார். வெல்டர் வெட்கமே படாமல் ஓவென்று அழுதார். மகளுக்கு இதெல்லாம் பெரிய அதிசயமாகப் படவில்லை. மஞ்சள் கையில் கன்னத்தை வைத்துப் பார்த்தாள், இளஞ்சூடாக இருந்தது, தூங்கிப்போனாள். யார் கேட்டும் அவர் மகளைக் கொடுக்கவில்லை. மதியச் சாப்பாட்டை மனைவிதான் அவருக்கு ஊட்டிவிட்டாள்.